டாக்கர் அடைத்த டிஸ்க்கை மீட்கச் சில குறிப்புகள்

திருநீர்மலை, பம்மல், அனகாபுத்தூர் பக்கத்து வீடுகள் பலவற்றில் ஒரே கம்ப்யூட்டரில்தான் எல்லாரும் வேலை பார்க்கிறார்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படிக்கும் பிள்ளையோ, தாம்பரம் மெப்ஸுக்குப் போய்வரும் மருமகளோ அதில் டாக்கர் போட்டிருப்பார்கள். கல்யாண வீடியோவும் வீட்டுப் பத்திர ஸ்கேனும் அதே டிஸ்க்கில் இருக்கும். ‘சி’ டிரைவ் சிவப்பு காட்டியதும் ஃபோட்டோக்களை அழிக்கத் தொடங்காதீர்கள். முதலில் டாக்கரைப் பாருங்கள்.

1. டெர்மினலில் ‘டாக்கர் சிஸ்டம் டிஎஃப்’ என்று கட்டளை கொடுங்கள். இமேஜ், கன்டெய்னர், வால்யூம், பில்ட் கேஷ் என்று நான்கு வரிகளில் கணக்கு வரும். கடைசிப் பத்தியில் இருப்பது, திரும்பப் பெறக்கூடிய இடம். இமேஜ் பட்டியலில் உள்ள அளவுகளை நீங்களே கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கும். ஒரே அடிப்படை லேயரைப் பல இமேஜ்கள் பகிர்ந்துகொள்வதுதான் காரணம்.

2. அடுத்து ‘டாக்கர் சிஸ்டம் ப்ரூன்’. நின்றுபோன கன்டெய்னர்கள், பயன்படாத நெட்வொர்க்குகள், பெயரிழந்த இமேஜ்கள், பழைய பில்ட் கேஷ் எல்லாம் போய்விடும். இதோடு ‘ஏ’ சேர்த்தால் எந்தக் கன்டெய்னரும் பயன்படுத்தாத இமேஜ்கள் அத்தனையும் போகும். தினமும் வேண்டியதையும் மறுபடி டவுன்லோடு செய்ய நேரும். மொபைல் டேட்டாவை நம்பியிருக்கும் வீட்டில் ‘ஏ’ வேண்டாம்.

3. மிகவும் கவனம் வேண்டியது வால்யூம். இமேஜ் போனால் இணையத்திலிருந்து திரும்ப இறக்கலாம். வால்யூமில் இருப்பது நீங்கள் உள்ளிட்ட தரவு. அது வேறெங்கும் கிடைக்காது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இமேஜ்களை வால்யூமுக்குப் பெயர் கொடுக்காமல் ஓட்டினால், டாக்கர் தானாகவே பெயரில்லாத வால்யூம் ஒன்றை உண்டாக்கி அதில் தரவை எழுதும். நீங்கள் அந்தக் கன்டெய்னரை நிறுத்திவைத்திருக்கும்போது மேலே சொன்ன ப்ரூன் ஓடினால் கன்டெய்னர் போய்விடும், வால்யூம் ஆதரவற்று நிற்கும். பிறகு ‘வால்யூம் ப்ரூன்’ கொடுத்தால் அதுவும் போச்சு. 2023இல் வந்த 23ஆம் பதிப்பிலிருந்து அந்தக் கட்டளை பெயரில்லாதவற்றை மட்டும் அழிக்கிறது. பெயர் வைத்தவற்றை விட்டுவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு டேட்டாபேஸ் வால்யூமுக்கும் பெயர் வையுங்கள். ஆனால் ‘கம்போஸ் டவுன்’ கட்டளையோடு ‘வி’ சேர்த்தால், கம்போஸ் ஃபைலில் நீங்கள் பெயர் வைத்த வால்யூமும் அழியும். இறுதியாண்டு புராஜெக்ட் நேரத்தில் எதை அழிப்பதற்கு முன்னும் ஒரு டம்ப் எடுத்துப் பென் டிரைவில் போட்டுவிடுங்கள்.

4. விண்டோஸில் இத்தனை செய்தும் ‘சி’ டிரைவில் இடம் கூடவில்லையா? டாக்கர் டெஸ்க்டாப் எல்லாவற்றையும் ‘விஎச்டிஎக்ஸ்’ என்ற ஒரே பெரிய ஃபைலுக்குள் வைக்கிறது. அது வளரும், உள்ளே அழித்தாலும் தானாகச் சுருங்காது. டாக்கர் டெஸ்க்டாப்பை முழுதாக மூடி, ‘டபிள்யூஎஸ்எல் ஷட்டவுன்’ கொடுங்கள். பிறகு அட்மினிஸ்ட்ரேட்டராக ‘டிஸ்க்பார்ட்’ திறந்து, அந்த ஃபைலைத் தேர்ந்தெடுத்து, ‘ரீட்ஒன்லி’யாக இணைத்து, ‘காம்பேக்ட் விடிஸ்க்’ கொடுத்து, முடிந்ததும் ‘டிடாச்’ செய்யுங்கள். ஹோம் பதிப்பிலும் இது நடக்கும். நடுவில் கரண்ட் போகக் கூடாது என்பதால் யுபிஎஸ் இல்லாத வீட்டில் மழை நாளில் இதைத் தொடங்காதீர்கள்.

5. மேக்கில் ‘டாக்கர் ரா’ ஃபைலின் அளவு மிரட்டும்; உண்மையில் டிஸ்க்கில் பிடித்த இடம் அதைவிடக் குறைவாக இருக்கலாம். பயந்துபோய் செட்டிங்ஸில் அதிகபட்ச அளவைக் குறைத்தால் அந்த ஃபைலே நீக்கப்பட்டு, உள்ளிருந்த அனைத்தும் போய்விடும்.

6. லாகுகளுக்கு இயல்பாக எல்லையே கிடையாது. மாதக்கணக்கில் ஓடும் கன்டெய்னரின் லாகு பல ஜிபி வளரலாம். டாக்கர் எஞ்சின் செட்டிங்ஸில் ஒரு ஃபைலுக்கு 10 எம்பி, மொத்தம் 3 ஃபைல் என்று கட்டுப்பாடு வையுங்கள். ஏற்கெனவே ஓடுபவற்றை இது கட்டுப்படுத்தாது. அவற்றை நீக்கிப் புதிதாக உருவாக்க வேண்டும்.

7. சோதனைக்கு ஓட்டும் கன்டெய்னருக்கு ‘ஆர்எம்’ சேருங்கள். வேலை முடிந்ததும் தானே நீங்கிவிடும்.

8. சொந்தமாக இமேஜ் கட்டுபவர்கள், முழுப் பைத்தான் இமேஜுக்குப் பதில் ‘ஸ்லிம்’ வகையை எடுத்தாலே கணிசமாக மிச்சமாகும். ஒரு படியில் இறக்கிய ஃபைலை அடுத்த படியில் அழிப்பதால் பயனில்லை. முந்தைய லேயரில் அது அப்படியே இருக்கும். இறக்குவதும் அழிப்பதும் ஒரே ‘ரன்’ வரியில் நடக்கட்டும்.

9. லினக்ஸில் ‘வார் லிப் டாக்கர்’ ஃபோல்டருக்குள் புகுந்து கையால் எதையும் அழிக்காதீர்கள். டாக்கரின் கணக்கு குழம்பி, இருக்கிற இமேஜ்களும் திறக்காமல் போகும்.

10. இதற்கும் மேல் இடம் வேண்டுமென்றால் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு எஸ்எஸ்டி வாங்கிவாருங்கள். திரிசூலம் வரை மின்சார ரயில், எதிரே விமான நிலையத்தில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கலாம். மாட்டியதும் டாக்கர் டெஸ்க்டாப்பில் ரிசோர்சஸ் பகுதியிலுள்ள டிஸ்க் இமேஜ் இடத்தைப் புதிய டிரைவுக்கு மாற்றுங்கள். பென் டிரைவுக்கு மாற்ற வேண்டாம். டேட்டாபேஸின் ஓயாத எழுத்து வேலையை அது தாங்காது.