எட்டக்கூடிய இலக்கு

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி



சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான் மயங்கி விழுந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். "ஒருசந்தி இருக்கிறாள் போலிருக்கிறது, பாவம்" என்று சிலர் இரக்கத்தோடு பேசிக்கொண்டார்களாம். உண்மை அதுவன்று. ஆண்டு விழா நடனத்திற்குள் இளைத்துவிட வேண்டுமென்று ஒன்பது நாட்களாகக் காலை உணவைத் தொடாமல் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தேன். அம்மா கேட்டால் "ஒருசந்தி" என்று சொல்லிவிடுவேன். குளுக்கோஸ் கலந்த தண்ணீரைக் கையில் கொடுத்த சிஸ்டர், நான் குடித்து முடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "18 வயது நிறைவடையாத பிள்ளைகளுக்கு ஒருசந்தி கடமையில்லை என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. உனக்கு யார் இந்தக் கட்டளை கொடுத்தது?" என்று கேட்டார்கள். என்னிடம் விடை இல்லை.

அந்த வெட்கமே இக்கட்டுரைக்கு வித்து. ஏனென்றால், மயங்கி விழுந்த என்னை மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோதுதான் எங்கள் வீட்டில் எடை குறைய வேண்டியவர் நான் அல்லேன், என் அம்மா என்பது தெரிந்தது.

அம்மாச்சிக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. காலில் பட்ட சிறு காயம் ஆறாமல் போய், வலது காலில் இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. அதை அறிந்த மருத்துவர் அம்மாவையும் சோதித்துக்கொள்ளச் சொன்னார். உணவு உண்ணாமல் பார்த்த இரத்தச் சர்க்கரை 116 இருந்தது. 100க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 126ஐத் தொட்டால் நோய். "நீங்கள் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை, ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறீர்கள்" என்று மருத்துவர் சொன்னார். அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. அம்மாச்சியின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

உயரத்திற்கேற்ற எடை எது என்பதை அறிய ஒரு கணக்கு உண்டு. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். அம்மாவின் எடை 74 கிலோ, உயரம் 1.55 மீட்டர். வகுத்தால் ஏறக்குறைய 31 வரும். நம் நாட்டவருக்கு இந்த எண் 23ஐத் தாண்டினாலே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்கிறார்கள். ஐரோப்பியரை விட நமக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வது அதிகமாம். ஆகவே பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. இந்தக் கணக்கை 1832ஆம் ஆண்டளவில் வகுத்த அடால்ஃப் கெட்லே என்னும் பெல்ஜிய அறிஞர் ஒரு மருத்துவரே அல்லர்! அவர் கணிதமும் வானியலும் கற்றவர். தசை எது, கொழுப்பு எது என்று அந்த எண்ணுக்குத் தெரியாததில் வியப்பில்லை. வளரும் பிள்ளைகளாகிய நமக்கு இந்த எல்லைகள் பொருந்தா என்பதையும் தோழியர் குறித்துக்கொள்ள வேண்டும். நமக்கு வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணை தனியாக உள்ளது.

அம்மா ஓர் இலக்கு வைத்தார். திருமணத்தின்போது 52 கிலோ இருந்தாராம். அந்தப் பட்டு ரவிக்கை இன்னும் பெட்டியில் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குள் 22 கிலோ குறைத்து அதை அணிவது என்று முடிவு செய்தார். உயிர்ப்புப் பெருவிழா முடிந்த மறுநாளே தொடங்கிவிட்டார். காலையில் கஞ்சி, மதியம் ஒரு பிடி சோறு, இரவில் வெறும் மோர். அப்பா ஒரு எடைக் கருவி வாங்கிவந்தார். முதல் வாரத்தில் 2 கிலோ இறங்கியது. வீடே மகிழ்ந்தது. இரண்டாம் வாரம் 300 கிராம். மூன்றாம் வாரம் ஒன்றுமில்லை. நான்காம் வாரத்தில் ஒரு மாலை, முறுக்கு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "என் உடம்பு வாகு இப்படித்தான், விடு பாப்பா" என்றார். மே மாத இறுதியில் எடை மீண்டும் 74.

ஏன் இப்படி ஆயிற்று? எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். நாம் உண்ணும் மாவுப்பொருளில் ஒரு பகுதி கிளைக்கோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். பட்டினி கிடந்தால் முதலில் செலவாவது இந்தச் சேமிப்புத்தான். அது கரையும்போது நீரும் வெளியேறிவிடுகிறது. அம்மாவின் முதல் வாரத்து 2 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர்! ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கிலோ கலோரி அடங்கியுள்ளது. அவ்வளவையும் ஒரு வாரத்தில் எரிக்க, நாள்தோறும் 1,100 கிலோ கலோரி குறைவாக உண்ண வேண்டும். வீட்டு வேலை செய்யும் ஒரு தாய்க்கு இது எத்தனை நாள் முடியும்?

ஜூன் மாதம் மீண்டும் மருத்துவரிடம் சென்றோம். அம்மா குற்றம் செய்தவரைப் போலத் தலைகுனிந்து நின்றார். மருத்துவர் சிரித்துவிட்டு, "22 கிலோவை மறந்துவிடுங்கள் அம்மா. ஆறு மாதத்தில் 4 கிலோ போதும்" என்றார்.

நாலே நாலு கிலோவா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பின்னர் படித்தபோது காரணம் விளங்கிற்று. அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களிடம் நடத்தி 2002ஆம் ஆண்டு வெளியிட்ட பெரிய ஆய்வொன்றில், அவர்களுக்கு வைத்த இலக்கு உடல் எடையில் 100க்கு 7 பங்கு குறைப்பது, வாரத்திற்கு 150 நிமிடம் நடப்பது, இவ்வளவே. அதனால் நோய் வருவது 100க்கு 58 பங்கு குறைந்தது. மாத்திரை உண்டவர்களுக்கு 31 பங்குதான்.

ஆனால் என் மனத்தில் நிலைத்தது சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரனும் குழுவினரும் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வே. அதில் 531 பேர். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் மூன்றாண்டுகளில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவைத் திருத்தி, நாள்தோறும் அரை மணி நேரம் நடக்கும்படி அறிவுறுத்தப்பட்டவர்களில் 39 பேருக்கே வந்தது. இதில் விந்தை என்னவென்றால், இந்த இரண்டாம் குழுவினரின் எடை குறையவேயில்லை! முள் நகராதபோதும் நடை தன் வேலையைச் செய்திருக்கிறது. நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன அல்லவா?

இதைப் படித்த அன்றே அம்மாவிடம் சொன்னேன்: "அம்மா, இனி கிலோவை இலக்காக வைக்க வேண்டாம். நடையை வைப்போம். கிலோ நம் சொல் கேட்காது."

அம்மாவின் குறிப்பேட்டில் மூன்று வரிகள் மட்டும் எழுதினோம். காபியில் சர்க்கரை அரைக் கரண்டி. வாரத்தில் ஐந்து நாள் மாதா கோயில் வரை சென்று திரும்பும் அரை மணி நடை. சோறு ஒரே ஒரு கிண்ணத்தால் அளந்து, அதற்கு முன்பாகவே ஒரு கிண்ணம் கூட்டோ பொரியலோ உண்பது. பட்டினி இல்லை, இட்லி தடையில்லை, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்கும் தடையில்லை.

சர்க்கரைக் கணக்கை நான் கணித நோட்டில் போட்டுப் பார்த்தேன். அம்மா நாளொன்றுக்கு நான்கு முறை காபி குடிப்பார். முறைக்கு இரண்டு கரண்டி. எட்டுக் கரண்டி, அதாவது 40 கிராம், 160 கிலோ கலோரி. முழுவதையும் நிறுத்தினால் ஆண்டுக்கு ஏழரைக் கிலோ கொழுப்பு கரையும் என்று விடை வந்தது! ஓடிப்போய் ஆசிரியையிடம் காட்டினேன். "கணக்குச் சரி, உடம்பு தவறு" என்று சிரித்தார். உடல் இலேசாக ஆக ஆக அதற்குத் தேவையான எரிபொருளும் குறைகிறது, பசியோ கூடுகிறது. எனவே போகப் போக எடை இறங்குவது மெதுவாகும். ஓரிடத்தில் நிற்கவும் செய்யும். இதை முன்கூட்டியே அறிந்திருந்தது எங்களுக்குப் பேருதவியாயிற்று. ஏனெனில் ஆகஸ்டு நடுவிலிருந்து அக்டோபர் வரை அம்மாவின் எடை 72லேயே நின்றுவிட்டது.

அந்த இரண்டு மாதங்களே உண்மையான சோதனை. தொடங்குவதற்கு எல்லாரிடமும் ஊக்கம் இருக்கிறது. நின்றுபோன முள்ளைப் பார்த்துக்கொண்டே மறுநாளும் செருப்பை மாட்டுவதற்குத்தான் இல்லை. அம்மா காலை, மதியம், இரவு என மூன்று முறை எடை பார்க்கத் தொடங்கினார். குடிக்கும் தண்ணீராலும், உண்ணும் உப்பாலும் ஒரே நாளில் எடை ஒரு கிலோ வரை ஏறி இறங்கும். ஒவ்வொரு ஏற்றத்திற்கும் அம்மாவின் முகம் வாடும். ஒரு நாள் கருவியைக் காணவில்லை. அப்பா அதைப் பரண் மேல் போட்டுவிட்டார்! இரண்டு வாரத்திற்கு ஒரு முறை, சனிக்கிழமை காலையில், காபிக்கு முன் மட்டுமே அது கீழே இறங்கும் என்று சட்டமானது.

அதற்குப் பதிலாகச் சுவரில் தொங்கும் பங்குக் காலண்டரை எடுத்துக்கொண்டோம். நடந்த நாளுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி வைக்கும் பொறுப்பை அம்மாச்சி ஏற்றார். கண் சரியாகத் தெரியாததால் பல புள்ளிகள் புனிதர்களின் பெயர்கள் மேலேயே விழுந்திருக்கின்றன. ஒரு நாள் விட்டுப்போனால் யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது; இரண்டு நாள் தொடர்ந்து விட்டால் அம்மாச்சி கேட்பார். அவர் திட்டமாட்டார். தன் காலை நீட்டி, "இதைப் பார்த்துவிட்டுப் போ" என்பார். அம்மா எழுந்துவிடுவார். அடுத்த வீட்டு ஆசிரியை அக்காவும் செப்டம்பரில் சேர்ந்துகொண்டார். அவர் வாசலில் வந்து நின்றுவிட்டால், உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லும் துணிவு அம்மாவுக்கு வருவதில்லை.

பங்குத் திருவிழாவின்போது ஐந்து நாட்கள் எல்லாமே கெட்டது. விருந்தாளிகள், பிரியாணி, இனிப்பு. முன்பு போலிருந்தால் "எல்லாம் போயிற்று" என்று அத்தோடு விட்டிருப்பார். இம்முறை ஆறாம் நாள் காலையில் நடக்கப் போய்விட்டார். என்னைக் கேட்டால், ஆறு மாதத்தில் அம்மா செய்த மிகப் பெரிய செயல் அந்த ஆறாம் நாள் நடைதான்.

என் கதைக்கு வருகிறேன். மருத்துவர் என் உயரத்தையும் எடையையும் அட்டவணையில் பார்த்து, "குறைக்க ஒன்றுமில்லை. இரத்தம்தான் குறைவாக இருக்கிறது" என்றார். நான் தனியாள் அல்லேன். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை. இந்த நிலையில் காலை உணவை விடுவது எதற்கு ஒப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் வயதில் எலும்பு வளர்கிறது, உடல் மாறுகிறது, எடை கூடுவது இயல்பு. உண்மையாகவே எடை மிகுந்த பிள்ளையாக இருந்தாலும், பெரும்பாலும் எடையைக் குறைக்கச் சொல்லாமல், மேலும் ஏறாமல் வைத்துக்கொண்டு உயரம் கூடவிடுவதையே மருத்துவர்கள் விரும்புகிறார்களாம். அதையும் மருத்துவர் சொல்லிச் செய்ய வேண்டுமேயன்றி, ஒன்பது நாள் இட்லியை நாய்க்குப் போட்டு நாமாகச் செய்வதன்று. (ஆம், நாய்க்குத்தான் போட்டேன். அதுதான் பருத்தது.) நடன ஆடையைத் தையற்காரர் பக்கவாட்டில் ஓர் அங்குலம் பிரித்துத் தந்தார். பத்து நிமிட வேலை.

டிசம்பர் முதல் சனிக்கிழமை பரணிலிருந்து கருவி இறங்கியது. 70.6 கிலோ. இலக்கை எட்ட 600 கிராம் மிச்சம். அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அதே வாரம் பார்த்த இரத்தச் சர்க்கரை 104. மருத்துவர் அந்தத் தாளை இருமுறை படித்துவிட்டு, "திண்ணையை விட்டு இறங்கிவிட்டீர்கள், இன்னும் முற்றத்தில்தான் நிற்கிறீர்கள், அப்படியே நடங்கள்" என்றார். கிறிஸ்துமஸ் கேக்கும் முறுக்குமாகச் சேர்ந்து 400 கிராம் மீண்டும் ஏறிற்று. பட்டு ரவிக்கை பெட்டியிலேயே இருக்கிறது. அதை எனக்குத் தைத்துத் தருவதாக அம்மா சொல்லியிருக்கிறார்.

அடுத்த ஆறு மாதத்திற்கு அம்மா கிலோக் கணக்கு எதையும் எழுதவில்லை. "மாதா கோயிலைத் தாண்டி வாய்க்கால் பாலம் வரை" என்று ஒரு வரி மட்டும் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே அம்மாச்சி தன் நடுங்கும் கையால் சேர்த்திருக்கும் வரி: "மழை பெய்தால் குடை."