ஆயிரத்தில் ஏழு

சுரங்கத்தில் கிடைக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களை எண்ணிப் பார்க்க முடிந்தால், அவற்றுள் சுமார் 993 அணுக்கள் யுரேனியம்-238 ஆக இருக்கும். யுரேனியம்-235 ஏழே ஏழு. மெதுவாகச் செல்லும் நியூட்ரான் பட்டதும் எளிதில் பிளந்து ஆற்றலைத் தருபவை இந்த ஏழு அணுக்கள்தாம்.

கல்பாக்கம் அணுமின் நிலைய உலைகள் இயற்கை யுரேனியத்தைக் கொண்டே இயங்குமாறு அமைக்கப்பட்டவை. அங்கே நியூட்ரான்களின் வேகத்தைத் தணிப்பது கனநீர். அது நியூட்ரான்களை அதிகம் விழுங்குவதில்லை. 2013இல் மின்சாரம் தரத் தொடங்கிய கூடங்குளத்திலோ சாதாரண நீர்தான். அது விழுங்கும் நியூட்ரான்களை ஈடுசெய்ய, எரிபொருளில் 235இன் பங்கை நூற்றுக்கு 3 முதல் 5 வரை உயர்த்த வேண்டும். இதுவே செறிவூட்டல்.

எவ்வாறு பிரிப்பது? ஒரே தனிமத்தின் ஐசோடோப்புகளாதலால் வேதிப் பண்புகள் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு நிறையில்தான். முதலில் யுரேனியத்தை ஃபுளூரினுடன் சேர்த்து, யுரேனியம் ஹெக்சாஃபுளூரைடு என்னும் வாயுவாக மாற்றுவர். அதன் மூலக்கூறு நிறை 349 அல்லது 352. வேறுபாடு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! பால் பண்ணையில் சுழலும் இயந்திரம் பாலாடையைப் பிரிக்கிறதல்லவா? அதுபோல, மிக வேகமாகச் சுழலும் உருளையில் கனமான மூலக்கூறுகள் சுவரருகே சற்று மிகுதியாகச் சேரும். இலேசானவை நடுவில் சற்று மிகும். ஓர் உருளையில் கிடைக்கும் பலன் சிறிது. எனவே வாயுவை அடுத்தடுத்துப் பல உருளைகளில் செலுத்துவர்.

இனி ஒரு கணக்கு. ஏழு அணுக்களில் ஒன்றையும் இழக்காமல் 238ஐ மட்டும் நீக்குவதாகக் கொள்வோம். 4 விழுக்காடு செறிவு பெற 175 அணுக்கள் எஞ்ச வேண்டும். அதாவது 825 அணுக்களை நீக்க வேண்டும். அணுகுண்டுக்குரிய சுமார் 90 விழுக்காட்டை எட்ட ஏறக்குறைய 8 அணுக்கள் எஞ்ச வேண்டும். அதற்கு இன்னும் 167 அணுக்களை நீக்கினால் போதும்! மின் நிலைய எரிபொருள் தயாரானபோதே ஆறில் ஐந்து பங்கு தொலைவு கடந்தாயிற்று.

நடைமுறையில் 235 அணுக்களில் சில கழிவோடு போய்விடும். ஆயினும் கணக்கு கூறும் உண்மை மாறாது. வீட்டு விளக்கை எரியச் செய்வதும், 1945இல் ஹிரோஷிமாவை எரித்ததும் செறிவூட்டிய யுரேனியமே. இயந்திரத்தை மட்டும் பார்த்து அதை இயக்குபவரின் நோக்கத்தை அறிய முடியாது. அதனால்தான் 1957இல் தோன்றிய பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள், ஆலைக்குள் எவ்வளவு யுரேனியம் சென்றது, எந்தச் செறிவில் எவ்வளவு வெளிவந்தது என்று கணக்குப் பார்க்கிறார்கள்.

செய்தித்தாள்களில் 20 விழுக்காடு என்ற எண்ணை நீங்கள் கண்டிருக்கலாம். அந்நிலையில் எத்தனை அணுக்கள் எஞ்சும்? குண்டுக்கு இன்னும் எத்தனை நீக்க வேண்டும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அந்த எண்ணைக் கண்டு உலகம் ஏன் கவலைப்படுகிறது என்பது விளங்கும்.