வயர் சொன்ன பாடம்

2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கணினி விளையாட்டுகளுக்கும் பதக்கம் தந்தார்கள். ஒரே மண்டபத்தில் பல கருவிகள் இருந்தால் வானொலி அலைகள் குழம்பலாம் என்பதால் வயர் உள்ள கைப்பிடியே நல்லது என்பார் அண்ணன்.

போட்டிக்கு முதல் நாள் அவருடைய கைப்பிடி விட்டுவிட்டு இயங்கியது. புதிது வாங்கப் பணமில்லை. ஆய்வகத்தில் செய்வதுபோல் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினோம். வேறு துளையில் செருகினோம், அதே கதைதான். செருகியின் கழுத்தருகே வயரை மெல்ல வளைத்தேன், விளக்கு அணைந்தது! உள்ளே செம்புக் கம்பி அறுந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா தந்த வயரைப் போட்டதும் உயிர் வந்தது.

பிறகு பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திக் கணினித் திரையில் பார்த்தோம். எல்லாம் சரி. ஆனால் தொடாமலேயே இடக்குச்சி நகர்ந்தது. குச்சிக்கு அடியிலுள்ள மின்தடையின் கரிப்பூச்சு தேய்ந்தால் இப்படி ஆகுமாம். நடுவில் சிறு அசைவைக் கணக்கில் எடுக்காதபடி அமைப்பை மாற்றினோம். இது கட்டுப் போடுவதுதான், மருந்தல்ல.

அண்ணன் இரண்டாம் சுற்றுவரை போனார்.