இழையிலிருந்து எலும்புக்கு

நுழையும்முன்

முறிந்த எலும்பு மீண்டும் கூடும். ஆனால், நோயின் காரணமாக வெட்டியகற்றப்பட்ட தாடையெலும்பு தானாக வளர்வதில்லை. நிலைத்த பல் விழுந்துவிட்டால் அவ்விடத்தில் மற்றொன்று முளைப்பதில்லை. இவ்விழப்பை ஈடுசெய்ய, உயிருள்ள செல்களைக் கொண்டே திசுக்களை உருவாக்க முயல்கிறது உயிரி அச்சியல். அதன் ஆய்வுப் போக்குகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நூலும் வெளியும்

திருப்பூரையடுத்த மங்கலத்தில் விசைத்தறிகளின் ஓசை பழகிப்போன ஒன்று. தறியில் பாவும் ஊடையும் சேர்ந்து துணியாகின்றன. சுற்றுப்புறப் பின்னலாடைக் கூடங்களில் கண்ணியோடு கண்ணி கோத்துத் துணி உருவாகிறது. பின்னலாடை உடலுக்கேற்ப நெகிழ்வதற்கும் காற்றோட்டம் தருவதற்கும் கண்ணிகளின் அமைப்பே காரணம். துணியின் இயல்பை முடிவுசெய்வது நூல் மட்டுமன்று. நூல்களுக்கிடையே விடப்படும் வெளியும் ஆகும். எலும்பை அச்சிடும் ஆய்வும் இவ்வுண்மையின் மீதே நிற்கிறது.

தாடைக்காகக் காலை நாடுதல்

வாய்ப்புற்றுநோய் தாடையெலும்பைத் தாக்கும்போது, அப்பகுதியை அகற்ற நேரிடுகிறது. உண்பதும் பேசுவதும் முகத்தோற்றமும் இதனால் பாதிப்படைகின்றன. இதற்குத் தீர்வாக, முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளுள் மெல்லியதான ஃபிபுலாவின் ஒரு பகுதியை இரத்தக்குழாயுடன் எடுத்துத் தாடையாக அமைக்கும் அறுவை முறை 1989ஆம் ஆண்டு முதல் கையாளப்படுகிறது. சிறந்த முறையே எனினும், ஓரிடத்து இழப்பை நிரப்ப உடலின் மற்றோரிடத்தை அறுக்க வேண்டியுள்ளது.

உலோகம் மற்றொரு வழி. கொரோனாக் காலத்தில் கருப்புப் பூஞ்சை நோயால் பலர் முக எலும்புகளை இழந்தனர். அவர்களுக்கென முப்பரிமாண அச்சில் உலோகப் பொருத்திகளை உருவாக்கும் பணியைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2023இல் அறிவித்தனர். ஒவ்வொருவரின் முக அளவுக்கும் ஏற்ப அவை அமைகின்றன. ஆயினும் உலோகம் எலும்பைத் தாங்குமேயன்றி எலும்பாக மாறாது. உயிருள்ள திசுவே வேண்டும் என்னும் தேவை இங்கிருந்தே எழுகிறது.

உயிர்மை

நோயாளியின் எலும்பு முதலில் சி.டி. ஸ்கேன் வழியே படமாக்கப்படுகிறது. கணினி அவ்வடிவத்தை மெல்லிய அடுக்குகளாகப் பகுக்கிறது. அச்சுப்பொறியின் நுண்குழல் அவ்வடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடுகிறது. செல்களையும் அவற்றைத் தாங்கும் கூழ்மத்தையும் கலந்த கலவையே இதற்குரிய மை. இதனை உயிர்மை எனலாம். 2003இல் அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமசு போலண்டு குழுவினர், மைத்தெளிப்பு அச்சுப்பொறியை மாற்றியமைத்து உயிருள்ள செல்களை அச்சிட முடியும் என்று காட்டினர்.

உயிர்மையில் பெரிதும் பயன்படும் பொருள்களுள் ஒன்று ஆல்ஜினேட். பழுப்புநிறக் கடற்பாசிகளிலிருந்து கிடைக்கும் இது, கால்சியத்துடன் சேரும்போது இறுகிக் கூழ்மமாகிறது. பருத்தித் துணியில் அச்சிடும் சாயப்பசையைத் தடிப்பாக்குவதும் இதுவே. பல் மருத்துவர் பல்வரிசையின் அச்செடுக்கப் பயன்படுத்துவதும் இதுவே. சாயம் பரவாமல் நிற்கத் துணைசெய்த பொருள், செல்கள் கலையாமல் நிற்கவும் துணைசெய்கிறது.

> தெரியுமா?
> விழுந்த பாற்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவது தமிழ்ச் சிற்றூர்களின் வழக்கம். அப்பாற்பல்லின் கூழில் குருத்தணுக்கள் இருப்பதை 2003இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நிலைத்த பல்லின் கூழில் அவை இருப்பது 2000த்திலேயே அறியப்பட்டிருந்தது.

பல் என்னும் அடுக்கு

பல் ஒரே பொருளால் ஆனதன்று. வெளியே எனாமல், உள்ளே டென்டைன், நடுவில் நரம்பும் இரத்தக்குழாயும் நிறைந்த பற்கூழ் என அது அடுக்கடுக்காக அமைந்துள்ளது. வேரைத் தாடையெலும்போடு பிணைப்பவை நுண்ணிய நார்கள். எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுவதால், சிதைந்த எனாமலை உடலால் மீண்டும் படைக்க இயலாது. எனவே, முழுப் பல்லையும் ஒரே முயற்சியில் உருவாக்குவதைவிட, பற்கூழையும் வேரைப் பிணைக்கும் நார்களையும் தாடையெலும்பையும் தனித்தனியே மீட்பதில் ஆய்வாளர்கள் கருத்தூன்றுகின்றனர். நார்கள் வளரவேண்டிய திசையைக் காட்டுவதற்கு மிக நுண்ணிய இழைகளாலான சாரங்கள் அமைக்கப்படுகின்றன.

ஆடைத்துறையில் பிறந்த ஆய்வு

இத்துறையில் இந்தியாவின் குறிப்பிடத்தக்க ஆய்வுகளுள் ஒன்று மருத்துவக் கல்லூரியில் தோன்றவில்லை. தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆடைத் தொழில்நுட்பத் துறையில் தோன்றியது. பேராசிரியர் சௌரப் கோஷ் குழுவினர், பட்டிழையின் புரதத்தையும் ஜெலட்டினையும் குருத்தணுக்களோடு கலந்து உயிர்மை உருவாக்கினர். அதில் அச்சிட்ட குருத்தணுக்கள் பல்வகைத் திசுக்களின் செல்களாக மாறும் ஆற்றலை இழக்கவில்லை என்பதை 2015இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. இழையின் இயல்பறிந்தோர் திசுவின் இயல்பையும் ஆராயத் தகுதியுடையோர் என்பதற்கு இது சான்று.

கடக்க வேண்டிய தடை

வடிவத்தை அச்சிடுவது எளிது. அதன் உள்ளே உயிரைக் காப்பதே அரிது. இரத்த நுண்குழாயிலிருந்து ஏறத்தாழ 200 மைக்ரானுக்கு அப்பாலுள்ள செல்கள் உயிர்வளியின்றி மடியத் தொடங்கும். அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்டு மருத்துவ ஆய்வாளர்கள் 2016இல் இதற்கு ஒரு வழி கண்டனர். அச்சிடும்போதே நுண்வழிகளை விட்டமைத்த எலும்புத் திசுவை எலியின் மண்டையோட்டில் பொருத்தினர். ஐந்து மாதங்களில் அங்கே இரத்தக்குழாய்களுடன் புதிய எலும்பு காணப்பட்டது. கண்ணிகளுக்கிடையே விடும் வெளி இங்கே உயிரின் வழியாயிற்று.

ஆயினும், எலியின் எலும்பிலிருந்து மனிதத் தாடைக்குச் செல்லும் பாதை நீண்டது. அளவு, வலிமை, நோய்த்தொற்று, நெடுநாள் பாதுகாப்பு ஆகியன சோதித்தறியப்பட வேண்டும். உயிருள்ள முழுப் பல்லை அச்சிட்டுப் பொருத்துவது இன்றைய மருத்துவ நடைமுறையன்று. ஆதலின், புகையிலையைத் தவிர்த்து, உள்ள பல்லையும் தாடையையும் பேணுவதே முதற்கடமை. நாளைய தாடையை உருவாக்கும் பணிக்கோ மருத்துவ அறிவோடு இழையறிவும் வேண்டும். அவ்வறிவு மங்கலம் போன்ற ஊர்களில் நாள்தோறும் தறியின்முன் நிற்கிறது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊர்த் தொழிலொன்றில் பயன்படும் பொருள் மருத்துவத்தில் எவ்வாறு பயன்படுகிறது என்பதை அறிந்து வகுப்பறையில் உரையாற்றுக.
2. ‘உயிர்மை’ போன்று அறிவியல் கருத்துகளுக்குப் புதிய தமிழ்ச்சொற்கள் ஐந்தனை உருவாக்கி, அவற்றின் பொருத்தத்தைக் குழுவில் கலந்துரையாடுக.