பிளிம்சோல் கோடு

பின்னணி
19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியாவின் கடல் வர்த்தகம் பெரிதும் வளர்ந்தது. இலாபம் கருதிய சில கப்பல் உரிமையாளர்கள் பழுதடைந்த கப்பல்களிலும் அளவுக்கு மீறிச் சரக்கேற்றினர். கப்பல் மூழ்கினால் அவர்களுக்குக் காப்புறுதிப் பணம் கிடைத்தது, மாலுமிகளோ உயிரிழந்தனர். ஒப்பந்தம் செய்தபின் பயணிக்க மறுத்த மாலுமிகள் சிறையிடப்பட்டனர். இக்கப்பல்கள் ‘சவப்பெட்டிக் கப்பல்கள்’ எனப்பட்டன.

சாமுவேல் பிளிம்சோலின் பணிகள் (1824 – 1898)
• 1868: லிபரல் கட்சி சார்பில் டார்பித் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார்.
• 1873: ‘எமது மாலுமிகள்’ என்ற நூலை வெளியிட்டார். அவ்வாண்டே விசாரணைக்காக அரச ஆணைக்குழு நியமிக்கப்பட்டது.
• 1875 யூலை 22: பிரதமர் டிஸ்ரேலி கப்பற் சட்டமூலத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். கொதித்தெழுந்த பிளிம்சோல், மாலுமிகளைச் சாவுக்கு அனுப்புவோரைக் கொடியோர் எனச் சபையிலேயே சாடினார். பின்னர் மன்னிப்புக் கோரினார். எனினும் மக்கள் அவரை ஆதரித்தமையால் அவ்வாண்டே தற்காலிகச் சட்டமொன்று நிறைவேறியது.
• 1876: கப்பலின் பக்கத்தில் சுமைக்கோடு இடுவது கட்டாயமாயிற்று. இதுவே ‘பிளிம்சோல் கோடு’ எனப்படுகிறது. கோடு நீரில் மறைந்தால் சுமை மிகையானது என்பது பொருள்.

கவனிக்குக
1876ஆம் ஆண்டுச் சட்டத்துடன் விடையை முடித்துவிட வேண்டாம். கோட்டை எந்த உயரத்தில் இடுவது என்பதை அச்சட்டம் உரிமையாளரிடமே விட்டது. அவர் அதை உயர்த்தி வரைந்து, விரும்பிய அளவு சரக்கேற்ற முடிந்தது. 1890ஆம் ஆண்டுச் சட்டமே கோட்டின் இடத்தை அரசின் வர்த்தக சபை விதிகளின்படி நிர்ணயித்தது. 1930இல் இது சர்வதேச உடன்படிக்கையாயிற்று.

மாதிரி வினா
1876ஆம் ஆண்டுச் சட்டத்தால் மட்டும் மாலுமிகளின் பாதுகாப்பு உறுதியாகாமைக்குக் காரணம் யாது? அது எவ்வாறு நிவர்த்தி செய்யப்பட்டது?