முட்டை ஓடு உரைத்த உண்மை

மக்களுக்கு நோயைப் பரப்பும் கொசுவும் பயிரை அழிக்கும் பூச்சியும் தொன்றுதொட்டு வரும் பகைகளாகும். அப்பகையை வெல்லத்தக்க மருந்தொன்று 1939ஆம் ஆண்டில் கிடைத்தது. டி.டி.டி. என்னும் வேதிப்பொருள் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றலுடையது என்பதைச் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பால் முல்லர் கண்டறிந்தார். இரண்டாம் உலகப் போரின்போது இம்மருந்து, பேன்களால் பரவும் டைபஸ் காய்ச்சலையும் கொசுக்களால் பரவும் மலேரியாவையும் அடக்கி, எண்ணற்ற உயிர்களைக் காத்தது. இதனைப் போற்றி 1948இல் முல்லருக்கு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் டி.டி.டி. அமெரிக்க நாட்டுக் கடைகளிலும் விலைக்கு வந்தது. வயலிலும் தோட்டத்திலும் காட்டிலும் அதனைத் தாராளமாகத் தெளித்தனர். பூச்சியைக் கொல்லும் மருந்து மற்ற உயிர்களை என்ன செய்யும் என்று எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. அவருள் அரசின் காட்டுயிர் ஆராய்ச்சியாளரும் இருந்தனர்.

மேரிலாந்து மாநிலத்தில் பட்டக்சென்ட் ஆற்றின் அருகே அமெரிக்க அரசு 1936இல் ஒரு காட்டுயிர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியிருந்தது. அங்குள்ள காட்டின் ஒரு பகுதியில் 1945இல் டி.டி.டி.யைத் தெளித்து, அதற்கு முன்னும் பின்னும் பறவைகளை எண்ணினர். முதலாண்டில் பெருங்கேடு எதுவும் புலப்படவில்லை. ஆயினும் அறிஞர் அம்மட்டில் அமைதியுறவில்லை. ஆண்டுதோறும் ஒரே இடத்தில் தெளித்து ஐந்தாண்டுகள் கவனித்தனர். அங்குக் கூடு கட்டிய பறவைகளின் தொகை குறைந்தது. ஓராண்டில் தோன்றாத தீமை ஐந்தாண்டில் தலைகாட்டிற்று.

இஃது இங்ஙனமிருக்க, அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பாலுள்ள பிரிட்டனில் வேறொரு வழக்கு எழுந்தது. அங்குப் பந்தயப் புறா வளர்ப்போர் பலர். பைரி என்னும் வல்லூறு தம் புறாக்களை வேட்டையாடுகிறது என்றும், அதன் இனம் பெருகிவிட்டது என்றும், அதற்குச் சட்டம் அளித்துள்ள காப்பினை நீக்கவேண்டும் என்றும் அவர்கள் அரசிடம் முறையிட்டனர். வழக்கின் உண்மையை அறிய, பைரிகளைக் கணக்கெடுக்கும் பணி 1961இல் தொடங்கியது. அதனை முன்நின்று நடத்தியவர் அரசின் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த டெரெக் ராட்கிளிஃப் ஆவார்.

மலை முகடுகளையும் கடலோரப் பாறைகளையும் நாடிச் சென்று கணக்கெடுத்தோர் கண்டது, முறையிட்டோர் கூறியதற்கு நேர்மாறாக இருந்தது. பைரிகள் பெருகவில்லை; விரைந்து அழிந்துகொண்டிருந்தன. அவை வழிவழியாக வாழ்ந்த இடங்கள் பல வெறிச்சோடிக் கிடந்தன. 1963இல் அவற்றின் தொகை போருக்கு முன்பிருந்ததில் பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது.

இதற்குக் காரணம் யாது? பைரிகளின் கூடுகளில் உடைந்த முட்டைகள் கிடப்பதை ராட்கிளிஃப் முன்னரே கண்டிருந்தார். முட்டை ஓடு மெலிந்துவிட்டதோ என்னும் ஐயம் பின்னர் எழுந்தது. அதனைத் தெளிய முற்காலத்து முட்டைகள் வேண்டுமல்லவா? பறவை முட்டைகளைத் திரட்டி, உள்ளீட்டை நீக்கி, ஓட்டைப் பெட்டியில் அடுக்கி வைப்பது ஒரு காலத்தில் ஆங்கிலேயர் பலரின் பொழுதுபோக்காக இருந்தது. அவ்வோடுகள் பொருட்காட்சிச் சாலைகளிலும் தனியார் இல்லங்களிலும் இருந்தன. அவற்றை நிறுத்தும் அளந்தும் ராட்கிளிஃப் ஒப்பிட்டார். 1947ஆம் ஆண்டையொட்டி ஓட்டின் கனம் திடீரெனக் குறைந்திருந்தது. அதற்குப் பிற்பட்ட ஓடுகள் முன்னவற்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருந்தன. டி.டி.டி. பரவத் தொடங்கியதும் அக்காலமே. இச்செய்தியை அவர் 1967இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டில் ஜோசப் ஹிக்கி, டேனியல் ஆண்டர்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், தம் நாட்டு முட்டைகளிலும் அத்தகைய மெலிவைக் கண்டனர்.

ஆயினும், இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே காலத்தில் நிகழ்ந்தமையால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று துணிதல் கூடாது. அதனைச் சோதித்தறியும் பணியைப் பட்டக்சென்ட் நிலையம் மேற்கொண்டது. டி.டி.டி. சிதைந்து உண்டாகும் டி.டி.ஈ. என்னும் பொருளைச் சிறு வல்லூறு இனமொன்றின் உணவில் கலந்து கொடுத்தனர். அவ்வினத்தின் வேறு சில பறவைகளுக்குத் தூய உணவையே கொடுத்தனர். நஞ்சு கலந்த உணவை உண்ட பறவைகளின் முட்டை ஓடுகள் மெலிந்தன. 1970இல் வெளியான இவ்வாய்வு ஐயத்தை நீக்கியது.

நஞ்சு பைரியை அடைந்த வழி வியப்பிற்குரியது. மருந்து பட்ட பூச்சியையும் விதையையும் சிறு பறவைகள் உண்டன. அந்நஞ்சு எளிதில் வெளியேறாது அவற்றின் கொழுப்பில் தங்கிற்று. அத்தகைய சிறு பறவைகள் பலவற்றைப் பைரி உண்டபோது, அவை அனைத்திலும் இருந்த நஞ்சு அதன் உடலில் திரண்டது. அது முட்டை ஓட்டிற்குச் சுண்ணச் சத்துச் சேர்வதைத் தடுத்தது. அடைகாக்க அமர்ந்த தாயின் சுமையைத் தாங்காது முட்டை நொறுங்கியது. தாய்ப்பறவை இறக்கவில்லை; அதன் குலம் இறந்தது. மீனுண்டு வாழும் வெண்தலைக் கழுகிற்கும் இக்கதியே நேர்ந்தது.

பட்டக்சென்ட் நிலையத்தை நடத்திய அரசுத் துறையில் 1952 வரை பணியாற்றியவர் ரேச்சல் கார்சன் என்னும் அம்மையார். பூச்சிக்கொல்லிகளின் தீங்கை விளக்கி அவர் 1962இல் எழுதிய நூல் மக்களை விழிப்புறச் செய்தது. 1972இல் அமெரிக்க அரசு டி.டி.டி.யின் பயன்களுள் பெரும்பாலானவற்றைத் தடைசெய்தது. கூடுகளைக் காத்தும் குஞ்சுகளை வளர்த்து விடுத்தும் அறிஞர் துணைநின்றனர். 1963இல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக அந்நாட்டில் 417 இணைகளாகக் குறைந்திருந்த வெண்தலைக் கழுகுகள், 2007இல் 9,789 இணைகளாகப் பெருகின. அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலிலிருந்து பைரி 1999இலும் இக்கழுகு 2007இலும் நீக்கப்பட்டன.

டி.டி.டி. முற்றிலும் தீயது என்று கூறுதல் முறையன்று. அது காத்த உயிர்கள் பல. 2001இல் ஸ்டாக்ஹோம் நகரில் கையெழுத்தான உலக உடன்படிக்கையும், மலேரியா போன்ற நோய்களைத் தடுப்பதற்கு மட்டும் அதனை அளவோடு பயன்படுத்த இடந்தருகிறது. மருந்தும் அளவும் இடமும் அறியாது கையாளப்படின் நஞ்சாகும். அந்த எல்லையைக் காட்டியவை ஆண்டுதோறும் பறவைகளை எண்ணிய பொறுமையும், பழைய முட்டை ஓட்டை நிறுத்துப் பார்த்த நுண்ணறிவுமே ஆகும். சிறியது என்று எதனையும் இகழாது ஆராய்பவரே பெரிய உண்மைகளைக் காண்பர்.