இளம் வயதில் உடற்பருமன்: முதல் அடிக்கு வேண்டிய ஊக்கமும் துணையும்

1979-ஆம் ஆண்டில் திட்டக் குழுவின் பணிக்குழு ஒன்று, நாட்டின் வறுமைக் கோட்டைக் கலோரியைக் கொண்டு வரையறுத்தது. கிராமப்புறத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2400 கலோரி, நகர்ப்புறத்தில் 2100 கலோரி. இந்த அளவு உணவு கிட்டும் செலவு மட்டத்துக்குக் கீழே வாழ்வோர் வறியோர் எனக் கொள்ளப்பட்டனர். பொருளியல் மாணவர்கள் பல தலைமுறைகளாக இவ்விரு எண்களையும் மனப்பாடம் செய்து தேர்வு எழுதி வந்துள்ளனர். அந்த எண்களை எட்டாதவர்களைப் பற்றியே கொள்கை வகுப்போரின் கவலை முழுவதும் இருந்தது. அவற்றைத் தாண்டிச் செல்வோரும் ஒரு நாள் அரசின் கவலைக்கு உரியவராவர் என்று அன்று எவரும் எதிர்பார்த்திருக்க இயலாது.

அந்த நாள் வந்துவிட்டது என்பதைத் தேசியக் குடும்ப நல ஆய்வுகள் காட்டுகின்றன. 2005-06-இல் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 12.6 விழுக்காட்டினர் மிகை எடையோ பருமனோ கொண்டிருந்தனர், ஆண்களில் 9.3 விழுக்காட்டினர். 2019-21-இல் இவை முறையே 24 விழுக்காடாகவும் 22.9 விழுக்காடாகவும் உயர்ந்தன. நகர்ப்புறப் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் மூவரில் ஒருவர். தில்லியிலும் தமிழ்நாட்டிலும் இவ்வயதுப் பெண்களில் பத்தில் நால்வர். இதே ஆய்வில் 18.7 விழுக்காட்டுப் பெண்கள் மெலிந்தவர்களாகவும் 57 விழுக்காட்டினர் இரத்தச் சோகை உடையவர்களாகவும் காணப்பட்டனர் என்பதை மறந்துவிடலாகாது. பசியின் பிரச்சினை தீர்ந்த பின்னர் பருமனின் பிரச்சினை தோன்றியதன்று. இரண்டும் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில், உடன் வாழ்கின்றன.

மேற்கண்ட கணக்கு, உடல் நிறைக் குறியீட்டெண் 25-ஐ எல்லையாகக் கொண்டது. எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் எழுதி, எடையை உயரத்தின் இருமடியால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். இந்தியர்களின் உடல்வாகில் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு விரைவில் சேர்வதால், நம் மருத்துவர்கள் 23-ஐத் தாண்டினாலே மிகை எடை என்று எச்சரிக்கின்றனர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் மிஞ்சலாகாது. தையற்காரரின் அளவு நாடா ஒன்றே இதற்குப் போதும்.

ஒரு மாணவரின் கணக்கு

தர்பங்காவிலிருந்து தில்லிக்கு வந்து, முகர்ஜி நகரில் வாடகை அறையில் தங்கி, குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் 24 வயது இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். உயரம் 165 சென்டிமீட்டர். வந்தபோது எடை 66 கிலோ, குறியீட்டெண் 24.2. இரண்டு ஆண்டுகளில் எடை 74 கிலோவாயிற்று, குறியீட்டெண் 27.2. அவர் பெருந்தீனிக்காரர் அல்லர். நாள்தோறும் பத்து மணி நேரம் நூலகத்தில் நாற்காலியை விட்டு எழாமல் படிப்பவர். உறக்கம் வந்தால் தேநீர். மாலையில் தெருமுனையில் ஒரு தட்டு மோமோ அல்லது சமோசா. டப்பாவில் வரும் இரவு உணவு பிடிக்காத நாட்களில் பராட்டா. ஊரிலிருந்து அன்னை அனுப்பும் தேகுவாவும் நெய் லட்டும் புத்தக அலமாரியிலேயே இருக்கும்.

கூடிய 8 கிலோவை எளிய கணக்கில் பிரித்துப் பார்க்கலாம். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி என்று கொண்டால், இரண்டு ஆண்டுகளில் சேர்ந்த மிகுதி ஏறத்தாழ 61,600 கலோரி, நாளொன்றுக்கு 84. இது நான்கு தேக்கரண்டிச் சர்க்கரைக்குச் சமம். உடலின் கணக்கு வங்கிக் கணக்கைப் போல நேராகச் செல்வதில்லை. எடை கூடக் கூட உடலின் அன்றாடச் செலவும் கூடுவதால் உண்மையான மிகுதி இதனினும் சற்று அதிகமாகவே இருந்திருக்கும். ஆயினும், நாள்தோறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு தொகையே இந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்பது விளங்கும். அவர் தினமும் ஐந்து தேநீர் அருந்துகிறார், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால், அதுவே 50 கிராம், அதாவது 200 கலோரி ஆகிறது. சர்க்கரையைப் பாதியாக்கினால் பசி கூடப் போவதில்லை. பையிலிருந்து காசும் போகாது.

முதல் இலக்கு 66 கிலோவாக இருக்கத் தேவையில்லை. எடையில் ஐந்து விழுக்காடு, அதாவது 3.7 கிலோ குறைந்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் பயன் தெரியத் தொடங்கும் என்பது மருத்துவ உலகில் ஏற்கப்பட்ட கருத்து. வாரத்துக்கு அரைக் கிலோ என்ற வேகத்தில் இது இரண்டு மாத வேலை. திட்டமிடுவோர் நன்கறிந்த உண்மை ஒன்று இங்கும் பொருந்தும்: எட்ட முடியாத இலக்கை எழுதி வைத்த துறை, இரண்டாம் ஆண்டில் அறிக்கை அனுப்புவதையே நிறுத்திவிடும்.

அறிந்தும் தொடங்காதது ஏன்?

மேற்கூறிய இளைஞருக்கு இவை எதுவும் தெரியாததல்ல. அவர் படிக்கும் நடப்பு நிகழ்வு ஏடுகளிலேயே இவை யாவும் அச்சாகியுள்ளன. இன்று உண்ணும் பராட்டாவின் சுவை இன்றே கிடைக்கிறது. உண்ணாமல் விட்டதன் பயனோ இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், வராமற்போன ஒரு நோயின் வடிவில் கிடைக்கிறது. வராத நோயை எவரும் கண்ணால் கண்டதில்லை. உடனடி இன்பத்துக்கு மனிதர் மிகை மதிப்பளித்துத் தம் எதிர்காலத்துக்கு எதிராகவே முடிவெடுப்பதைப் பொருளியல் அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். தன்னடக்கத்தை ஒரே மனிதருக்குள் நிகழும் பேரமாகக் கண்டவர் தாமஸ் ஷெல்லிங். 2005-இல் நோபல் பரிசு பெற்றவர். 2017-இல் அதே பரிசைப் பெற்ற ரிச்சர்டு தேலர், சேமிப்புத் துறையில் இதற்கொரு வழி கண்டார்: தொழிலாளி இன்று சேமிக்க வேண்டாம், அடுத்த ஊதிய உயர்விலிருந்து சேமிக்க இன்றே ஒப்புக்கொள்ளட்டும் என்பது அது.

எடைக் குறைப்பிலும் இது சோதிக்கப்பட்டுள்ளது. 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 57 பேர் மூன்று பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் தம் பணத்தை வைப்பாகக் கட்டி, இலக்கை அடையாவிட்டால் அதனை இழக்க ஒப்பினர். இன்னொரு பிரிவினருக்கு இலக்கை அடைந்தால் பரிசுச் சீட்டு. மூன்றாம் பிரிவினருக்கு மாதம் ஒருமுறை எடை பார்த்தல் மட்டுமே. 16 வாரங்களில் முதலிரு பிரிவினரும் சராசரியாகச் சுமார் 6 கிலோ குறைந்தனர். மூன்றாம் பிரிவினர் 2 கிலோகூட முழுமையாகக் குறையவில்லை. ஆனால் பணம் நின்ற சில மாதங்களில் குறைந்த எடையில் கணிசமான பகுதி திரும்பி வந்துவிட்டது. ஆகவே பணம் தொடங்கி வைக்கும், தொடர்ந்து நடத்தாது. மானியங்களின் வரலாறு அறிந்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பளிக்காது.

முகர்ஜி நகரிலேயே வேறொரு வகை மாணவர்களும் உண்டு. காவல் துறை உதவி ஆய்வாளர் பணிக்குப் படிப்பவர்கள் விடியற்காலையில் பூங்காக்களில் ஓடுவதைக் காணலாம். அவர்களுக்கு மனவுறுதி கூடுதல் என்று கருத வேண்டியதில்லை. உடற்தகுதித் தேர்வுக்கு ஒரு நாள் குறிக்கப்பட்டுள்ளது; ஓட வேண்டிய தூரமும் நேரமும் விதியில் எழுதப்பட்டுள்ளன; உடன் ஓடப் பத்துப் பேர் உள்ளனர். நாள், அளவு, துணை என்ற மூன்றும் வெளியிலிருந்து வந்தபோது, ஊக்கம் தானாகவே பின்தொடர்ந்தது. ஊக்கம் பிறந்த பின் தொடங்கலாம் எனக் காத்திருப்பவர், தேர்வு முடிவைப் பார்த்த பின் படிக்கலாம் என்றிருப்பவரைப் போன்றவர்.

ஏளனத்தை ஊக்கமாகக் கருதும் வழக்கம் நம் குடும்பங்களில் பரவலாக உள்ளது. விருந்துக்கு வந்த உறவினர் பத்துப் பேர் முன்னிலையில் ஒரு பெண்ணின் உடலைச் சுட்டிப் பேசுவதை எவரும் குற்றமாகக் கொள்வதில்லை. 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, எடையின் காரணமாக இழிவுபடுத்தப்பட்டவர்கள் பிற்பாடு பருமனடையும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு எனக் கண்டது. திருமணப் பேச்சு தரும் நெருக்கடியும் இத்தகையதே. அதற்கும் நாள் உண்டு என்பது உண்மை; ஆனால் அந்த நாளுக்காகப் பட்டினி கிடக்கும் பெண், ஏற்கெனவே பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச் சோகையுற்ற ஒரு தலைமுறையைச் சேர்ந்தவர். அவருக்கு வேண்டியது உணவைக் குறைப்பதன்று, மாற்றுவது: வெள்ளை மாவின் இடத்தில் பருப்பு, கீரை, தயிர், முட்டை.

துணை என்பது யாது?

அமெரிக்காவின் பிராமிங்ஹாம் நகரில் 12,067 பேரை 1971 முதல் 2003 வரை தொடர்ந்து கண்காணித்த தரவுகளைக் கொண்டு 2007-இல் வெளியான ஆய்வு, ஒருவரின் நண்பர் பருமனடைந்தால் அவரும் பருமனடையும் வாய்ப்பு 57 விழுக்காடு கூடுகிறது என்றது. நட்புதான் காரணமா, ஒத்த பழக்கமுடையவர்கள் நண்பராவதால் தோன்றும் மயக்கமா என்ற விவாதம் புள்ளியியலாரிடையே எழுந்தது. எதுவாயினும், ஒரே கடையில் ஒன்றாகத் தேநீர் அருந்தும் நால்வரில் ஒருவர் மட்டும் சர்க்கரை வேண்டாம் என்பதைக் காட்டிலும், நால்வரும் சேர்ந்து சொல்வது எளிது.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் பங்கேற்றனர். உணவு, நடை பற்றிய ஆலோசனையைத் தொடர்ந்து பெற்றவர்களிடையே மூன்றாண்டுகளில் நோய் 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரை உண்டவர்களிடையே ஏற்பட்ட பயனும் ஏறத்தாழ அவ்வளவே. குறிப்பிடத்தக்க செய்தி என்னவெனில், ஆலோசனை பெற்ற பிரிவினரின் எடை பெரிதாகக் குறையவில்லை. நோய் மட்டும் குறைந்தது. எடை பார்க்கும் கருவியின் முள் அசையவில்லை என்று மனம் தளர்ந்து நடையை நிறுத்தும் இளைஞர்களுக்கு இதைவிட ஆறுதலான செய்தி இல்லை. அதே குழுவினர் 2013-இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வில், பணியிலிருக்கும் 537 ஆண்களில் ஒரு பிரிவினருக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தியாக நினைவூட்டல்கள் அனுப்பப்பட்டன. இரண்டாண்டுகளில் அவர்களிடையே நீரிழிவு 36 விழுக்காடு குறைவாக இருந்தது. இவ்விரு ஆய்வுகளும் நடுவயதினரிடையே நடந்தவை. எனினும், கைப்பேசியைக் கீழே வைக்காத வயதினரிடம் இம்முறை தோற்கும் என்று நினைக்கக் காரணமில்லை.

பெண்களின் நிலை வேறு. 2022-இல் இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினரும் ஆண்களில் 42 விழுக்காட்டினரும் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என 2024-இல் வெளியான சர்வதேச ஆய்வு மதிப்பிட்டது. இந்த 15 புள்ளி இடைவெளியைச் சோம்பலால் விளக்க முடியாது. விளக்கில்லாத தெருவில் இரவு எட்டு மணிக்கு ஓர் இளைஞர் நடக்கலாம். அவருடைய தங்கை நடக்க இயலாது. வாரத்துக்கு 150 நிமிட நடை என்ற அறிவுரை, நகராட்சியின் தெருவிளக்குப் பட்டியலோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒன்று.

2025-இல் எடை குறைக்கும் புதிய ஊசி மருந்துகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. நோயோடு கூடிய பருமன் உடையவர்களுக்கு மருத்துவர் தேர்ந்து அளிக்க வேண்டியவை அவை. மூன்று நான்கு கிலோ குறைக்க விரும்பும் மாணவருக்கு உரியவை அல்ல.

இடையில் விடுபட்ட பத்தாண்டு

அரசின் ஏற்பாடுகளை வயதுவாரியாக அடுக்கிப் பார்த்தால் ஒரு வெற்றிடம் தென்படும். 2014-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் 10 முதல் 19 வயது வரையிலான வளரிளம் பருவத்தினருக்கு உரியது. தொற்றா நோய்களுக்கான மக்கள்தொகைவாரிப் பரிசோதனையோ 30 வயதில் தொடங்குகிறது. இடைப்பட்ட பத்தாண்டில்தான் இளைஞர் வீட்டை விட்டு வெளியேறுகிறார், விடுதியில் உண்கிறார், இரவுப் பணிக்குச் செல்கிறார், மணம் புரிகிறார். குடிமைப் பணித் தேர்வின் 21 முதல் 32 என்ற பொதுப் பிரிவு வயது வரம்பும் ஏறக்குறைய இதே காலம்தான். இந்த வயதில் பெண்ணின் எடை பெரும்பாலும் கருவுற்ற பின்னரே அரசுப் பதிவேட்டில் ஏறுகிறது. ஆணுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

வரிக் கொள்கை இரு திசைகளிலும் இழுக்கிறது. கேரள அரசு 2016-இல் பெயர்பெற்ற உணவகங்களின் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 விழுக்காடு வரி விதித்தது. மறு ஆண்டு வந்த சரக்கு மற்றும் சேவை வரியில் அது கரைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கரை கலந்த குளிர்பானங்களுக்கான வரி 40 விழுக்காடு. அதே நாளில் பொட்டலத்தில் வரும் நம்கீனுக்கும் பிஸ்கட்டுக்கும் வரி 5 விழுக்காடாகக் குறைந்தது. குடும்பங்களின் செலவைக் காக்க இது தேவைப்பட்டிருக்கலாம். உடல்நலக் கணக்கில் இதற்கு வேறு விடை வரும்.

வெற்றிடத்தை நிரப்பப் புதிய திட்டம் ஒன்றை அறிவிக்க வேண்டியதில்லை. ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்களில் எடைக் கருவியும் அளவு நாடாவும் முன்பே உள்ளன. ஆஷா பணியாளர் நிரப்பும் படிவத்தில் இடுப்புச் சுற்றளவுக்கு ஓர் இடமும் உண்டு. வயது வரம்பை 20-ஆகக் குறைத்தால் படிவம் மாறாது. ஆஷா பணியாளரின் வேலை நேரம்தான் கூடும், அதற்கான ஊக்கத்தொகையை மாநிலங்கள் கணக்கிட வேண்டும். மாணவர் விடுதிகளில் இதுவும் தேவையில்லை. உணவுக்கூட வாயிலில் ஒரு எடைக் கருவி, தேநீர்க் குவளைக்கு அருகில் தனிக் கிண்ணத்தில் சர்க்கரை, மாலையில் ஒரு மணி நேரம் பூட்டப்படாத விளையாட்டுத் திடல், பெண்கள் விடுதியில் அத்திடலுக்கு விளக்கு: இவற்றுக்கு விடுதிக் காப்பாளரின் கையொப்பமே போதுமான ஒப்புதலாகும்.